ஏழாம் நம்பரின் வண்டி

"இந்த வண்டியை யாருக்குடி வாங்கினோம், எனக்கா, என் சாமானுக்கா?"

அத்தை கட்டிலில் மல்லாந்து படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். குரலில் கோபம் இல்லை. கணக்கு எங்கே தப்பிப் போனது என்று யோசிக்கிறவளின் குரல்தான் அது. நான் வெந்நீர்ப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பதிலை இப்போது எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

அத்தை என் அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருந்தாள். வார நாட்களில் கடைத்தெருவில் உள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவரை எதிரே உட்கார வைத்து, சின்ன ஸ்கேலை அவர் மூக்கின் மேல் வைத்து, இரண்டு கருவிழிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பாள். "அறுபத்து மூணு" என்பாள். "அசையாதீங்க. காது ரெண்டும் ஒரே உயரத்துல இல்ல உங்களுக்கு." யாருக்கும் காது இரண்டும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை என்பது அத்தையின் முப்பது வருட அனுபவம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை துப்பாக்கி சுடுவாள்.

இதைச் சொன்னால் என் பள்ளித் தோழிகள் சிரிப்பார்கள். எதைச் சுடுவாள் என்று கேட்பார்கள். அட்டையை. முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கிற ஓர் அட்டையில் கறுப்பு வட்டம், அதற்குள் சின்ன வட்டம், அதற்குள் இன்னும் சின்னது. கனத்த தோல் சட்டை போட்டுக்கொண்டு, விரிப்பில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, அத்தை அந்த நடு வட்டத்தைச் சுடுவாள். பிறகு தொலைநோக்கியில் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். அவ்வளவுதான்.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் அவள் போகிற துப்பாக்கிச் சங்கம் இருந்தது. வாசலை ஒட்டி ஒரு ஹால், அதில் காற்றுத் துப்பாக்கி சுடுவார்கள். உள்ளே கரடுமுரடான பாதை ஒன்று அறுநூறு தப்படி போகும். அதன் முடிவில்தான் நீளக் களம். அங்கே பத்துப் பேர் படுத்துச் சுட இடம். பத்துக்கும் நம்பர் உண்டு. யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "நாலு, கொஞ்சம் தள்ளிப் படுங்க." "ஒன்பது, மகன் கல்யாணம் எப்போ?" அத்தை ஏழு. ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் ஆறு.

ஆறுதான் அத்தையை அங்கே கொண்டுபோனவர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், துப்பாக்கி முனையில் உள்ள குறி தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு கண்ணாடி வேண்டும் என்று கடைக்கு வந்தார். கண்ணுக்கும் குறிக்கும் எவ்வளவு தூரம் என்று கடையில் உட்கார்ந்தபடி சொல்ல முடியாது என்று அத்தை களத்துக்கே போனாள், விரிப்பில் படுத்து அளந்தாள். படுத்ததுதான் படுத்தீர்கள், ஐந்து சுட்டுப் பாருங்கள் என்றார்கள். "அஞ்சுல ஒண்ணுகூட அட்டையில படல" என்று அத்தை சொல்வாள். "பட்டிருந்தா திரும்பப் போயிருக்க மாட்டேன்."

அந்தச் சங்கத்தில் சில கண்டிப்பான வழக்கங்கள் உண்டு. வாசலுக்கு உள்ளே ஒருவரின் துப்பாக்கிப் பெட்டியையோ சாமானையோ இன்னொருவர் தொடக் கூடாது. பெட்டியைத் தனியாக விட்டுவிட்டு நகரவும் கூடாது. ஒன்பது மணிக்கு முதல் மணி அடித்து வாசலைத் திறப்பார்கள். ஒன்பதரைக்கு இரண்டாம் மணி. சிவப்புக் கொடி ஏறும். அதன் பிறகு அந்தப் பாதையில் ஓர் ஆள் நடமாடக் கூடாது. ஆக, சாமான் முழுவதையும் ஒரே நடையில், தானே, அரை மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இரண்டு நடையாகப் போகலாம் என்றால் முதல் நடையில் வைத்த பெட்டி அங்கே தனியாகக் கிடக்கும். அது ஆகாது.

இருபத்திரண்டு வருடம் அத்தை எல்லாவற்றையும் தோளில் மாட்டிக்கொண்டு பன்னிரண்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தாள். பிறகு வலது இடுப்பு மூட்டு தேய்ந்து, மாற்று மூட்டு வைக்க வேண்டி வந்தது. எட்டு மாதம் கழித்து டாக்டர் சொன்னார்: "படுக்கலாம், சுடலாம், நடக்கலாம். அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது. தோள்ல எதையும் மாட்டக் கூடாது."

அத்தையின் சாமான் மொத்தம் இருபத்தைந்து கிலோ.

போட்டிப் பருவம் தொடங்க ஆறு வாரம் இருக்கும்போது சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து டீயை ஆற விட்டுவிட்டார்.

"அஞ்சு பேர் காத்திருக்காங்க, ஏழு. தொடக்க நாள்ல இடத்துல இல்லாதவங்க இடம் அடுத்தவங்களுக்குப் போயிடும். சட்டம் நான் போட்டதில்ல."

"நீங்க போட்டதுதான்" என்றாள் அத்தை. "நான் கை தூக்கி ஆதரிச்சேன்."

அவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று பார்த்தார். "ஹால்ல வந்து சுடுங்களேன். துப்பாக்கி நாங்களே தரோம். எதையும் தூக்க வேண்டாம். நாற்காலிகூடப் போட்டுத் தரோம்."

ஹாலில் யாருக்கும் நம்பர் கிடையாது. வந்த வரிசையில் நின்று சுட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். செயலாளர் படி இறங்கிப் போன பிறகு அத்தை ஆறிய டீயை எடுத்துத் தொட்டியில் ஊற்றினாள். "நாற்காலியாம்" என்றாள்.

அன்று சாயங்காலமே எனக்கு அழைப்பு வந்தது. பள்ளி இறுதித் தேர்வு எழுதி முடித்துவிட்டு, மேலே என்ன செய்வது என்று தெரியாமல், ஒரு நாளைக்கு மூன்று திட்டம் போட்டு மூன்றையும் கைவிட்டுக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் உட்காரமாட்டேன் என்பதால் அப்பா எனக்கு வைத்த பெயர் பம்பரம். "பம்பரத்தைக் கூட்டிக்கிட்டுப் போ, அக்கா" என்று அப்பாதான் அனுப்பிவைத்தார். "சுத்துறதுக்கு ஒரு காரணமாவது கிடைக்கட்டும்."

சாமானை வைத்து இழுத்துப்போக ஒரு வண்டி வாங்குவது என்று அத்தை முடிவு செய்து, ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். குளியலறைத் தராசில் ஒவ்வொரு சாமானையும் வைத்து எடை பார்த்தோம். துப்பாக்கி பெட்டியோடு ஒன்பது கிலோ. தோல் சட்டையும் காற்சட்டையும் நாலு. விரிப்பு மூன்று. தொலைநோக்கியும் தாங்கியும் ஐந்து. பையில் மிச்சம் நாலு. பெட்டியின் நீளம் நூற்று முப்பது சென்டிமீட்டர். பிறகு வெறுங்கையோடு குவாரிக்குப் போய்ப் பாதையையும் அளந்தோம். இரண்டு பாறைகளுக்கு நடுவே உள்ள இடுக்கு அறுபத்தெட்டு சென்டிமீட்டர். சரளைக்கல் சரிவு எண்பது தப்படி. வழியில் விலக்க முடியாத கல்லில் பெரியது பத்து சென்டிமீட்டர் உயரம்.

"அப்போ சக்கரம் நாற்பது சென்டியாவது இருக்கணும்" என்றேன். தேர்வுத்தாளில் எழுத வராத இயற்பியல் குவாரியில் வந்தது. அத்தை அதையும் எழுதிக்கொண்டாள்.

முதலில் பெட்டிக்கடை. பயணப் பெட்டி விற்கும் கடையைச் சொல்கிறேன். அங்கே மடக்கு டிராலி ஒன்றைக் காட்டினார்கள். சக்கரம் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. கடைக்காரர் அதைப் பளபளக்கும் தரையில் ஓடவிட்டு, "ஒரே விரல்ல தள்ளலாம் மேடம்" என்றார்.

"தள்ளலாம். உங்க தரையையும் சேர்த்துக் குடுத்தீங்கன்னா."

செடிக்கடையிலிருந்து நாலு சக்கர வண்டி ஒன்றை ஒரு நாள் இரவல் வாங்கினோம். கவிழவே கவிழாது. ஆனால் அதன் எடையே பதினேழு கிலோ. அதைக் காரின் டிக்கியில் யார் ஏற்றுவது? சரிவில் இறங்கும்போது முன்சக்கரம் என் குதிகாலை இரண்டு முறை பதம் பார்த்தது. அதோடு அகலம் தொண்ணூறு. பாறை இடுக்குக்கு முன்னால் போய் வழி மறித்த எருமை மாதிரி நின்றது. அத்தை நோட்டில் ஒரு கோடு போட்டு அடித்தாள்.

மூன்றாவது, மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை. அங்கேதான் அதைப் பார்த்தோம். இரண்டே சக்கரம், நாற்பது சென்டிமீட்டர், காற்றடைத்த டயர். அலுமினியக் குழாய். சட்டம் தனி, சக்கரம் தனி என்று கழற்றினால் எந்தத் துண்டும் ஐந்து கிலோவைத் தாண்டவில்லை. பெட்டியைக் கிடைமட்டமாக வைத்துக் கட்டலாம், பாரம் அச்சுக்கு நேர் மேலே தாழ்வாக உட்காரும், கையில் கனம் தெரியாது. கைப்பிடிக் குழாயில் வரிசையாகத் துளைகள். வேண்டிய உயரத்தில் ஆணியைச் செருகிக்கொள்ளலாம்.

கடைக்காரர் தண்ணீர் கேன்களை ஏற்றி இருபத்தைந்து கிலோ ஆக்கினார். கடைக்குப் பின்னால் உடைந்த செங்கல் கிடந்த முற்றத்தில் நான் இழுத்துப் பார்த்தேன். கைப்பிடியை நாலாம் துளையில் வைத்ததும் அப்படியே கைக்குள் உட்கார்ந்தது. சாக்கடைப் பள்ளத்தில் இறக்கி ஏற்றினேன். ஓடியே பார்த்தேன். அத்தை குனிந்து இரண்டு சக்கரத்தின் வெளி விளிம்பிலும் அளவு நாடாவைப் பிடித்து, "அம்பத்தொன்பது. இடுக்குல போகும்" என்றாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

தொடக்க நாளுக்கு இரண்டு வாரம் முன்பு வெள்ளோட்டம். அத்தை வாசலிலிருந்து களம் வரை இருபத்து நாலு நிமிடத்தில் இழுத்துப் போனாள். ஆறு அங்கே காத்திருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ரைட் டைம்" என்றார். ரயில் டிரைவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது சாதாரண விஷயமில்லை என்று அத்தை வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

டாக்டர் வந்து பார்த்தார். புது மூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, சுற்றியுள்ள தசை பிசகியிருக்கிறது, பத்து நாள் படுக்கை என்றார். அவர் போன பிறகுதான் அத்தை கூரையைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

நான் மாடிப்படிக்குக் கீழே போய் வண்டியைப் பார்த்தேன். கைப்பிடி இன்னும் நாலாம் துளையில்தான் இருந்தது. என் இடுப்புக்குச் சரியாக வந்தது. நான் அத்தையைவிட ஒரு தலை உயரம். அவளுக்கு அது விலா எலும்பு வரை வந்திருக்கும். ஒற்றைக் கைப்பிடி வேறு. முழங்கையை உயர்த்தி, உடம்பை முறுக்கி, அறுவை செய்த வலது பக்கத்தாலேயே அறுநூறு தப்படி இழுத்திருக்கிறாள். சாமானை அளந்தோம், பாதையை அளந்தோம், கல்லைக்கூட அளந்தோம். அத்தையை அளக்கவில்லை. கடையில் இழுத்துப் பார்த்ததும் நான். நல்லாயிருக்கு என்று சொன்னதும் நான்.

மேலே போய்ச் சொன்னேன். அத்தையின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"முப்பது வருஷமா ஊர்ல உள்ள மூக்கையெல்லாம் அளக்கறேன். முகத்தை அளக்காம ஒரு பிரேமை நீட்டினதில்ல. என்னை அளக்கணும்னு எனக்கே தோணல பாரு." சிரித்ததில் இடுப்பு வலித்து முகம் சுளித்தாள். "நீ எதுக்குடி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க? நானும் பக்கத்துலதானே நின்னேன், நாடாவைப் பிடிச்சுக்கிட்டு."

அந்த வாரத்தில் செயலாளர் ஒரு தடவை போன் செய்தார். ஹாலைப் பற்றிச் சொல்லத்தான். "வர்றேன்" என்று மட்டும் அத்தை சொன்னாள். எங்கே என்று சொல்லவில்லை.

ஏழாம் நாள் எழுந்து நிற்க முடிந்ததும் என்னைக் கூப்பிட்டாள். கதவு நிலையில் முதுகைச் சாய்த்து நின்றாள். "அள." நான் மண்டியிட்டு அளந்தேன். தொங்கவிட்ட கை தரையிலிருந்து எத்தனை. முழங்கை எத்தனை. ஓர் எட்டு வைத்தால் எவ்வளவு நீளம். இரண்டு கைக்கும் நடுவே எவ்வளவு அகலம். "அசையாதீங்க" என்றேன். "வாயை உடைப்பேன்" என்றாள். கடையின் ஆர்டர் சீட்டுக் கட்டு ஒன்று அவள் பையில் இருந்தது. அதில் வலது கண், இடது கண் என்று இரண்டு கட்டங்கள் அச்சிட்டிருக்கும். கண் என்பதை அடித்துவிட்டுக் கை என்று எழுதி அளவுகளைக் குறித்தேன். வலது எழுபத்தொன்று, இடது எழுபத்திரண்டு. அவளுக்கும் ஒரே உயரத்தில் இல்லை.

ஒற்றைக் கைப்பிடியே கூடாது, இரண்டு வேண்டும் என்பது அத்தையின் யோசனை. நடுவில் அவள் நிற்க வேண்டும், இரண்டு கையும் தொங்கியபடியே பிடிக்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கமும் திரும்பக் கூடாது. சீட்டை எடுத்துக்கொண்டு தெருமுனை சைக்கிள் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் இரண்டு குழாய்களை வளைத்து, பழைய கைப்பிடியை எடுத்துவிட்டு அங்கே பூட்டினார். வேலை முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தார்.

"கண்ணாடிக்கார அம்மாவுக்குத்தானே? கரெக்டா இருக்கு. காதுல மாட்டிக்கற மாதிரியே இருக்கு."

உண்மைதான். பெரிய மூக்குக்கண்ணாடி ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி, இரண்டு வட்டச் சக்கரமும் இரண்டு நீண்ட காலுமாக நின்றது. அவர் டயரில் காற்றையும் கல் மாதிரி இறுக்கி அடித்துக் கொடுத்தார்.

அப்பா அதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, உன்னையே மாடாப் பூட்டிக்கிட்டியா?" என்றார்.

"மாடு நான்தான்டா. ஓட்டறதுக்குத்தான் ஆளைக் காணோம்" என்று சொல்லிவிட்டு அத்தை இரண்டு குழாய்க்கும் நடுவே போய் நின்றாள். கையைத் தொங்கவிட்டாள். கைப்பிடி அங்கே இருந்தது.

இன்னொரு வெள்ளோட்டம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே தடவை, மெதுவாக, அதுவும் வலித்தால் நின்றுவிட வேண்டும். ஆகையால் தொடக்க நாள்தான் அந்த வண்டிக்கும் முதல் நாள்.

முதல் மணி அடித்தது. மற்றவர்கள் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறு என்று போனார்கள். ஆறு மட்டும் கொஞ்ச தூரம் அத்தையோடு நடந்தார். அத்தை அவரிடம் ஏதோ சொன்னதும் தலையாட்டிவிட்டு முன்னால் போய்விட்டார். சுடுகிற நாளில் உறுப்பினர் அல்லாதவர்கள் வாசலைத் தாண்டக் கூடாது. நானும் அப்பாவும் கம்பி வேலிக்கு வெளியே நின்றோம்.

சமதரையில் வண்டி நன்றாகப் போனது. பாறை இடுக்கிலும் நுழைந்தது. சரளைச் சரிவுக்கு வந்ததும் குதிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு கல்லிலும் சக்கரம் துள்ளி, அந்த அடி குழாய் வழியாக அவள் தோளுக்கு ஏறுவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. ஒன்பது பத்தொன்பதுக்கு அத்தை நின்றாள். கைப்பிடியைக் கீழே வைத்தாள். சக்கரத்துப் பக்கம் மெல்லக் குனிந்தாள்.

"முடியல அவளுக்கு" என்றார் அப்பா. அவர் குரலில் கேலி இல்லாமல் நான் கேட்டது அன்றுதான். வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "போதும்க்கா. விட்டுடு" என்று தனக்குத்தானே சொன்னார்.

அத்தை குனிந்தபடியே இருந்தாள். ஒரு நிமிடம். ஒன்றரை. பிறகு வண்டியைச் சுற்றி மறுபக்கம் போய் அங்கேயும் குனிந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"காத்தை இறக்கறாங்கப்பா."

டயரை அமுக்கிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இறக்கினாள். நிமிர்ந்து, குழாய்களுக்கு நடுவே போய், பிடித்து நடந்தாள். தொளதொளத்த டயர் கல்லின் மேல் அமுங்கிப் படிந்து ஏறியது. துள்ளல் இல்லை. ஒன்பது இருபத்தேழுக்கு அத்தை பாறை வளைவில் திரும்பி மறைந்தாள். அதற்கப்பால் இன்னும் நூறு தப்படி இருந்தது.

இரண்டாம் மணி அடித்தது. சிவப்புக் கொடி ஏறியது.

அங்கே ஆஜர் எடுக்கும் வழக்கம் உண்டு. செயலாளர் நம்பரைச் சொல்வார், அவரவர் விரிப்பிலிருந்து பதில் சொல்ல வேண்டும். குவாரிச் சுவரில் மோதி அந்தக் குரல்கள் வாசல் வரை வரும்.

"ஒண்ணு." "இருக்கேன்." "ரெண்டு." "இருக்கேன்." நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "அஞ்சு." "இருக்கேன்." "ஆறு." "இருக்கேன்."

"ஏழு."

ஒரு காகம் கத்தியது. வேறொன்றும் கேட்கவில்லை.

"ஏழு" என்று செயலாளர் மறுபடி சொன்னார். இரண்டாம் முறை கூப்பிடும் வழக்கம் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"முதல் தடவையே கேட்டுச்சு. மூச்சு வாங்க விடுங்க. இருக்கேன்."

ஒன்பது பேர் சிரிக்கிற சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி எங்களிடம் இரண்டு முறை வந்தது. அப்பா வேலியிலிருந்து கையை எடுத்துப் பார்த்தார். உள்ளங்கையில் கம்பியின் தடம் பதிந்திருந்தது.

அன்று எப்படிச் சுட்டாள் என்று கேட்டால், சுமார்தான். அத்தையே அட்டையைக் காட்டி, "இதெல்லாம் ஒரு சுடலா" என்றாள். ஆனால் அந்த அட்டையை அவள் தூக்கிப் போடவில்லை. கண்ணாடிக் கடை ஆர்டர் சீட்டோடு சேர்த்து மடித்து நோட்டுப் புத்தகத்தில் வைத்தாள்.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். ஒரு சரக்குக் கிடங்கில் வேலை, நாலு பேரோடு ஓர் அறை. இதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. ஞாயிறு காலை ஒன்பது மணி ஆனால் எங்கே இருந்தாலும் காதில் ஒரு மணி அடிக்கிறது. மாடி அறையில் துப்பாக்கி எண்ணெய் வாசனை, தராசில் ஏறிய தோல் சட்டை, கதவு நிலையில் நான் போட்டுவிட்டு வந்த பென்சில் கோடு. ஒன்றும் செய்யத் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த அந்த ஆறு வாரத்தில்தான் நான் அதிகமாக எதையோ செய்தேன் என்று தோன்றுகிறது. அத்தை இன்னும் ஏழுதான். போனில் அதை மட்டும் முதலில் கேட்டுவிடுவேன்.

கிடங்கில் எல்லாத் தள்ளுவண்டியும் ஒரே உயரம். என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் குள்ளம். தினமும் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். போன வாரம் அவரைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்தேன். "பைத்தியமாடி நீ" என்று கேட்டுக்கொண்டேதான் நின்றார். கைப்பிடியைத் தாழ்த்தித் தரச் சொல்லி மேற்பார்வையாளரிடம் அந்த அளவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

அத்தையின் கேள்விக்கு என் பதில் இதுதான்: சாமானுக்கு வாங்கினோம், அதுதான் தப்பு. பாரம் தூக்க முடியவில்லை என்பதற்காகத் தனக்குப் பிடித்த இடத்துக்குப் போவதையே விட்டுவிட்ட யாராவது உங்களுக்குத் தெரிந்திருப்பார்கள். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். நாடாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.